சாமி காவும் தோளும் சிவப்புக் கம்பித் தட்டும்

எங்கள் ஊரில் வண்டி, அதுதான் தொந்தி, வைத்த ஆண் எவனும் அதை ஒளித்துத் திரிய முடியாது. வருஷம் முழுக்க மேலுக்குப் போட்ட சேட்டுக்குள் என்னதான் பதுக்கி வைத்தாலும், திருவிழா வந்தால் கோவில் வாசலில் சேட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். வேட்டி, இடுப்பில் சால்வை, நெற்றியில் திருநீறு. மிச்சமெல்லாம் ஊருக்குப் பகிரங்கம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் முதல் பூக்கடைக்காரி வரை எல்லோரும் கண்ணால் அளவெடுப்பார்கள். "என்ன, போன வருஷத்தை விடக் கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்குப் போலை" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. எங்கள் ஊரில் சுகம் விசாரிப்பதில் அதுவும் ஒரு வகை.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. என் வண்டிக்கு ஒரு பத்து வயது இருக்கும். இணுவிலிலிருந்து மானிப்பாய்க்குப் போகும் வழியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. காலை ஆறு மணிக்குக் கதிரையில் இருந்தால் இரவு கடை பூட்டும்போதுதான் எழும்புவேன். என்ன வேண்டுமென்றாலும் கையை நீட்டினால் எட்டும்படி கடையை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

கடைக்காரன் என்பது என் தொழில். ஊரில் என் அடையாளம் அது இல்லை. நான் சாமி காவுகிறவன். வாகனத்தில் சாமியை வைத்து, தடிகளைத் தோளில் ஏற்றி, வீதி சுற்றி வருவதைத்தான் காவுவது என்போம். எங்கள் பிள்ளையார் கோவிலில் இருபத்திரண்டு வருஷமாக முன்வரிசையில் வலப்பக்கத் தடி என்னுடையது. இடப்பக்கத் தடி என் கூட்டாளியுடையது. என்னோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது வெங்காயத் தோட்டம் செய்கிறவன். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே நடை. அந்த இடம் எங்களுக்கு என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் இன்னொருவன் அங்கே வந்து நிற்க மாட்டான். என் வலது தோளில் தடி அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு விழுந்திருக்கிறது. கலியாணம் கட்டின புதிதில் மனைவி அதைத் தொட்டுப் பார்த்து, ஏதோ கட்டி என்று பயந்து ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னாள்.

போன வருஷத் திருவிழாவில்தான் என் மானம் போனது. ஐந்தாம் நாள் மேற்கு வீதியில் தவில்காரர் வேகத்தைக் கூட்டினார். அந்த இடத்தில் சாமியை ஆட்டி ஆட்டிக் கொண்டு போவது வழக்கம். நாலு எட்டு வைத்திருப்பேன், மூச்சு நின்றுபோனது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. முழங்கால் மடங்கியது.

"டேய், சாமி சரியுது!" என்று கூட்டாளி கத்தினான்.

சனம் அதையும் ஆட்டத்தில் ஒரு வகை என்று நினைத்து முன்னையதைவிடப் பெரிதாக அரோகரா போட்டது. பின்னால் நின்ற ஒரு பெடியன் பாய்ந்து வந்து என் தடிக்குள் தோளைக் கொடுத்தான். நான் மதிலோடு சாய்ந்து நின்று, என் சாமி என்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம்.

காவுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி ஒரு அண்ணை இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பூசை முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, குறை நினையாதை. வாற வருஷம் நீ குடையைப் பிடி."

சாமிக்குக் குடை பிடிப்பது கௌரவம்தான். எழுபது வயதில்.

"நான் மெலிஞ்சு வந்தால், அண்ணை?"

"வா. தடி எங்கை ஓடப்போகுது? ஆனா மெலிஞ்சு வா."

என் கூட்டாளி தோளில் கை போட்டான். "கவலைப்படாதை மச்சான். சனத்துக்குத்தான் குழப்பம், மேலை இருக்கிறவரோ கீழை நிக்கிறவரோ பிள்ளையார் எண்டு." அவன் நாள் முழுக்க வெங்காயப் பாத்திக்குள் குனிந்து நிமிர்கிறவன். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். சொல்லலாம் தானே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சத்தியம் செய்தேன்: ஒரு வருஷத்துக்குள் இறக்கிக் காட்டுவேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். சத்தியத்துக்கெல்லாம் மசிய மாட்டாள்.

"நான்தான் ஒண்டும் சாப்பிடுறேல்லையே," என்றேன். "மத்தியானம் அரைக் கோப்பை சோறு. இரவு ரெண்டு பிட்டுக் குழல். பிறகு எங்கையிருந்து வருகுது உந்த வண்டி?"

"சோத்தைத்தான் நீங்கள் சாப்பாடு எண்டு சொல்லுறியள். கதிரையிலை இருந்து கொறிக்கிறதுக்கு என்ன பேர்?"

பேர் இல்லை. அதுதான் விஷயம். எங்கள் வீடுகளில் சோறு, பிட்டு, இடியப்பம் எல்லாம் சாப்பாடு. தேத்தண்ணியோடு கடிப்பது சாப்பாடு இல்லை. பக்கத்தில் ஆள் நின்று கதைக்கும்போது பிய்த்த பக்கற் சாப்பாடு இல்லை. திகதி முடியப்போகிறது, எறிய மனமில்லாமல் வாயில் போட்டது சாப்பாடே இல்லை, அது சேமிப்பு. இப்படி ஒரு நாளைக்கு நான் சாப்பிடாமல் சாப்பிட்டதை ஒரு சாக்கில் கட்டியிருக்கலாம்.

எல்லாம் அந்தச் சிவப்புக் கம்பித் தட்டால் வந்த வினை. ஆளுயரம் இருக்கும். கொளுக்கி கொளுக்கியாகச் சிப்ஸ், கிறீம் பிஸ்கற், மசாலாக் கடலை, உறைப்பு நூடில்ஸ், பளபளவென்று தொங்கும். ஒரு கொம்பனி ஆள் வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டுவந்து இனாமாக இறக்கிவிட்டுப் போனது. நல்ல பெடியன், வாய் நிறைய அண்ணை, அண்ணை என்பான். எங்கே வைக்கலாம் என்று கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தான். "அண்ணை எழும்பாமலே எடுத்துக் குடுக்கலாம்" என்றான். நான் எழும்பாமலே எடுத்து எனக்கும் கொடுத்துக்கொண்டேன். உப்பும் உறைப்பும் புளிப்பும் சேர்த்து என்ன பொடியைத்தான் தூவுகிறார்களோ, பாழாய்ப் போவார்கள், ஒன்றைப் போட்டால் கை தானாகப் பைக்குள் போகிறது. பக்கற்றைத் திறக்கத் தெரிந்த கைக்கு மூடத் தெரியவில்லை.

ஒருநாள் அவனைப் பிடித்து ஏசினேன். "சனத்தைக் கெடுக்கிறியள் என்ன?"

"அண்ணை, நாங்கள் ஆரின்ரையும் வாய்க்குள்ளை கொண்டுபோய்த் திணிக்கிறமோ? தொங்குது. விருப்பமெண்டால் எடுக்கினம், இல்லாட்டிப் போகினம்." இதைச் சொல்லிக்கொண்டே அவன் குந்தியிருந்து, கீழ்க் கொளுக்கியைச் சின்னப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இறக்கினான்.

நான் பெரிய ஞாயவான் மாதிரி அவனை ஏசியதைச் சொல்கிறேன். உண்மையில் அவனுடைய அதே வசனத்தை நான் எத்தனை பேருக்கு எடுத்து விட்டிருக்கிறேன்! பிள்ளை சோறு தின்னுதில்லை, எல்லாம் உங்கடை கடையாலைதான் என்று ஒரு தாய் வந்து சண்டை பிடித்தபோது, "கடையிலை எலி மருந்தும்தான் கிடக்கு, அதை வாங்கிக் குடுக்கிறியளோ?" என்று கேட்டு வாயை அடைத்தேன்.

பக்கத்துக் கடை அக்காவுக்கும் அதே ஞாயம்தான். அவர் தையல்காரி. இந்த வீதியில் உள்ள சட்டை பிளவுஸ் எல்லாம் அவர் மெஷினில் தைத்தவைதான். கொஞ்சம் பாரமான உடம்பு, சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அந்தத் திருவிழாவுக்கு அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போய் வந்தவர் நேரே என் கடைப் படி இரண்டையும் ஏறி வந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய். நான் கேட்டாலும் எனக்கு இனி உந்தக் கிறீம் பிஸ்கற் தராதை. டொக்டர் நல்லா ஏசிப்போட்டார்."

"ஓம் அக்கா, அதுக்கென்ன."

இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார்.

"அக்கா, தராதை எண்டெல்லோ சொன்னனியள்?"

"அது அண்டைக்கு. இண்டைக்கு ஒரு கலியாணப் பிளவுஸ் பிழைச்சுப்போச்சு. மனம் சரியில்லை. தா."

கொடுத்தேன். பிறகு ஞாபகப்படுத்தவும் இல்லை. கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம். வாய் அவருடையது, பொறுப்பும் அவருடையது. இதை வீட்டில் பெருமையாகச் சொல்லப்போய் மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

"அக்காவுக்கெண்டால் அவவின்ரை வாய். உங்களுக்கெண்டால் கொம்பனியின்ரை பொடி. நல்ல ஞாயம்," என்றாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். இதுதான் சந்தர்ப்பம், சாமியும் கிடைக்கும் வண்டியும் இறங்கும் என்று தலைமுழுகி ஆரம்பித்தேன். பாலும் பழமும் மட்டும் என்பது என் திட்டம். முதல்நாள் பதினொரு மணிக்கே கை தட்டுப் பக்கம் போனது. நான் விரதகாரன், கண்டதையும் தொடுவேனா? பக்கற்றைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தை முழுக்க வாசித்தேன். முட்டை இல்லை. மச்ச மாமிசம் இல்லை. பச்சைப் பொட்டு வேறு போட்டிருந்தது. சுத்த சைவம்! சோறும் இல்லை. பிறகென்ன குற்றம்? முருகா என்று வாயில் போட்டேன். ஆறு நாளும் என் கடையில் சைவம் எது அசைவம் எது என்று ஊரிலேயே அதிகம் படித்தவன் நான்தான்.

சூரன்போர் முடிந்து பாரணையும் ஆன பிறகு, கடைப் பின்னறையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். இரண்டு கிலோ கூடியிருந்தது.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அரிசி மூட்டையில் இருந்துவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்தாள். கூட்டாளிக்குச் செய்தி எப்படிப் போனதோ, பின்னேரமே வந்துவிட்டான். "மச்சான், விரதம் பிடிச்சு வீங்கின முதல் ஆள் நீதான். உனக்கு வெள்ளியிலை ஒரு வேல் செய்து போடவேணும்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் படுக்கப் போகும்போது தோள் காய்ப்பைத் தடவிப் பார்த்தேன். அது மெல்ல மெல்ல மெத்தென்று ஆகிக்கொண்டிருந்தது. உண்மையாகவே பயந்துபோனேன்.

அடுத்த நாள் மனைவிதான் சொன்னாள். "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு வராது. பக்கத்திலை உது நிக்கிற வரைக்கும் எந்தச் சாமி வந்தாலும் வராது. தள்ளி வையுங்கோ."

தட்டை இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலுக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே, தையல் கடைப் பக்கமாக நிறுத்தினேன். இவ்வளவுதான் நான் செய்த தவம். இனி ஒரு பக்கற் வேண்டுமென்றால் கதிரையை விட்டு எழும்பி, மேசையைச் சுற்றி, வந்து நிற்கும் சனத்தை விலத்தி, நாலு பேர் பார்க்க வெளியே போகவேண்டும். யாரால் முடியும்? என் சோம்பலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னேன். கைக்கு எட்டும் இடத்தில் வெள்ளரிக்காயும் அவித்த கச்சான் கடலையும் வைத்தேன். சந்தைக்குச் சைக்கிளில் போனேன். வைகாசி முடியும்போது தராசில் பதினொரு கிலோ இறங்கியிருந்தது. வேட்டி இடுப்பில் ஒரு சுற்றுக் கூடச் சுற்றியது.

கொம்பனி ஆள் வந்து கோபிப்பான் என்று பார்த்தேன். அவன் துள்ளிக் குதித்தான். "அண்ணை, சோக்கான இடம்! றோட்டாலை போறவைக்கெல்லாம் தெரியுது!" வாரத்துக்கு இரண்டு தரம் வந்து தட்டை நிரப்பினான். ஒரு சுவர் மணிக்கூடும் பரிசாகத் தந்தான். நானும் மறுக்கவில்லை.

மெலிந்தவனுக்கு ஒரு வியாதி வரும், வாய் நீளும். எனக்கு நன்றாகவே நீண்டது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் உபதேசம். "மனம்தான் காரணம். மனம் வைச்சால் ஏலும். கொம்பனியைச் சொல்லி என்ன பிரயோசனம்?" தட்டைத் தள்ளி வைத்த கதையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மனத்தின் மதிப்புக் குறைந்துவிடும் அல்லவா? தையல் அக்கா தன் வாசலில் நின்று இதைக் கேட்பார். "ஓம் தம்பி, உனக்கு மனம் கிடக்கு," என்பார். அப்படியே கையை நீட்டி, தாழ்வாரத்துக்குக் கீழே தொங்கும் கிறீம் பிஸ்கற்றை எடுத்துக்கொள்வார். படி ஏறத் தேவையில்லை, என்னிடம் கேட்கவும் தேவையில்லை. அவர் என்னைப் புகழ்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனியில் கொடியேறியது. கோவில் வாசலில் சேட்டைக் கழற்றினேன். அண்ணை முதலில் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். முன்வரிசை வலப்பக்கத் தடியை இரண்டு தரம் தட்டிக் காட்டினார். குடையை வேறு யாரோ கொண்டுபோனார்கள். நான் குனிந்து தடிக்குள் தோளைக் கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அரோகரா என்று பெரிதாகக் கத்தினேன். மேற்கு வீதியில் தவில்காரர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வேகத்தைக் கூட்டினார். ஆடினோம். மூச்சு வாங்கவில்லை. கூட்டாளி பக்கத்திலிருந்து, "குதிரை, மச்சான், குதிரை!" என்றான்.

ஏழாம் நாள் சாமி ஊர் சுற்ற வெளிக்கிடுவார். வழியில் உள்ள வீடுகளும் கடைகளும் வாசலில் நிறைகுடம் வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் நின்று, தீபம் காட்டி, அர்ச்சனைத் தட்டம் வாங்கிப் போவோம். என் கடை வாசலில் மனைவி நின்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே இன்னொரு பதினொரு கிலோ இறக்கலாம். அடுத்தது தையல் கடை.

ஒவ்வொரு வருஷமும் அக்கா தட்டத்தோடு றோட்டுக்கு இறங்கி வருவார், பிறகு சந்தி வரை சாமிக்குப் பின்னால் நடந்து வருவார். இந்த முறை வாசலிலேயே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இடது கால் கணுக்கால் வரை கட்டுப்போட்டு, ஒரு முக்காலியில் நீட்டியிருந்தது. கொஞ்ச நாளாகவே நொண்டினார். கேட்டதற்குச் செருப்புக் கடித்தது என்றார், நானும் விட்டுவிட்டேன். அவருடைய தங்கச்சியின் மகள்தான் தட்டத்தை ஐயரிடம் கொடுத்தாள். சாமி தோளில் இருக்க, அசையாமல் நின்றேன். எனக்கும் அக்காவுக்கும் இடையில் மூன்று முழம். அந்த மூன்று முழத்துக்குள் சிவப்புத் தட்டு நின்றது.

"நல்லா மெலிஞ்சிட்டாய் தம்பி. பாக்கச் சந்தோஷமாக் கிடக்கு," என்றார்.

"பிள்ளையாரின்ரை கிருபை, அக்கா. கால் என்ன மாதிரி?"

"புண் ஆறுதில்லை. பெருவிரலை எடுக்கவேண்டி வருமாம்." மற்றவர்களின் பிளவுஸ் அளவு சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு தாடையால் தட்டைக் காட்டினார். "நீ உனக்கு எட்டாமல் தள்ளி வைச்சாய். எனக்கு எட்டிப்போச்சு. தராதை எண்டு நானும் உன்னட்டைக் கேட்டனான்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எடுத்த கை தன்னுடையது என்பதையும் தெரிந்துதான் சொன்னார். ஐயர் தீபம் காட்டினார், சனம் அரோகரா போட்டது, தவில் தொடங்கியது, நாங்கள் நடந்தோம்.

"என்ன மச்சான், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. மூச்சு வாங்குதோ? ஆளை மாத்தவோ?" என்று கூட்டாளி கேட்டான்.

"இல்லை," என்றேன். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. கோவில் வரைக்கும் தடி தோளில் அழுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த நாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தத் தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தேன். கதிரைக்குப் பக்கத்தில் வைக்கப் போனேன். அங்கே நான் இருக்கிறேன். உள்வாசலில் வைக்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதால்தான் வருகிறார்கள். பின்னறையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்தால் அரிசி நிறுக்க வருகிறவர்கள் எடுப்பார்கள். தூக்கி எறியலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் கை எறியவில்லை. பளபளவென்று அவ்வளவும் தொங்க, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை நடுவில் நின்றேன். இவ்வளவு பெரிய கடையில் அதை வைக்க ஓர் இடமும் இல்லை.

பக்கத்துக் கடை வாசலில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அக்கா கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"இறக்கி வையன் தம்பி. எவ்வளவு நேரம் காவப்போறாய்?"